பொய் சொல்லிப் பெற்ற முன்வரிசை



 

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் தம் வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். அமெரிக்காவில் பணிபுரியும் அவருடைய மகன் மனைவி மக்களுடன் ஊர் வந்திருந்தார். உணவருந்தி முடித்துக் கூடத்தில் அமர்ந்திருந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் சென்றுவந்த ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மக்கள் அங்கே வரிசையில் நிற்பார்களாம்.

"நாங்கள் எங்கேயும் நிற்கவில்லை ஹஜ்ரத்" என்றார் அந்த மகன், சிரித்துக்கொண்டே.

எப்படி என்று கேட்டேன். தம் சிறிய மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சொல்லி, மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய சலுகையைப் பெற்றுக்கொண்டாராம். மருத்துவச் சான்று எதுவும் கேட்கவில்லையாம். "அந்தப் பெண்மணி பேசினால் நிமிர்ந்து பார்க்காதே, பதில் சொல்லாதே" என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தாராம். "எப்படி இருந்தாய் என்று ஹஜ்ரத்துக்குக் காட்டு" என்றதும், அந்தச் சிறுவன் எழுந்து வந்து தலையைக் குனிந்துகொண்டு, விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான். கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உள்ளறையில் பெண்களோடு அண்டை வீட்டுத் தாய் ஒருவர் அமர்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அவருடைய பதினோரு வயது மகனுக்கு உண்மையிலேயே ஆட்டிசம். தம் பிள்ளை அன்றாடம் தன்னை மறந்து செய்யும் ஒன்றை, வேறொரு பிள்ளை வேடிக்கையாகச் செய்து காட்டுவதைத் திரை ஓரமாக அவர் பார்த்திருக்கிறார். மறுநாள் என் வீட்டாரிடம் அவர் கூறியது ஒரே வாக்கியம்தான்: "என் பிள்ளைக்கு அது நடிப்பு இல்லையே, அம்மா."

அச்சொல் என் காதுக்கு எட்டிய பிறகுதான் இந்த உரையைத் தயாரிக்க அமர்ந்தேன்.

யாருக்கு என்ன நஷ்டம்?

இதைப் பற்றி அந்தச் சகோதரரிடம் தனியே பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: "அது கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனம். டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்டினோம். நாங்கள் முன்னால் போனதால் யாருக்கு என்ன நஷ்டம்?"

நம்மில் பலருடைய மனத்திலும் இதே கேள்வி எழக்கூடும். ஆகவே அந்தச் சலுகை எப்படி வந்தது, எப்படி நடைபெற்றது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அமெரிக்காவில் 1990 ஜூலை 26 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் ஒன்று கையொப்பமாயிற்று. பொதுமக்கள் வந்துபோகும் தொழில் நிலையங்கள், உடற்குறையோ மனக்குறையோ உடையவர்களும் பிறரைப் போலப் பயனடைய வேண்டி, தம் நடைமுறைகளை நியாயமான அளவு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் உள்ள டிஸ்னி பூங்காக்களில், 'கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு' என்ற அட்டை ஒன்று நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. நோயின் பெயரை நிரூபிக்க வேண்டியதில்லை. தமக்கு என்ன சிரமம் என்று வந்தவர் சொன்னால், அச்சொல்லை ஏற்று அட்டை கொடுத்தார்கள். அட்டை உடையவரும் அவருடன் வந்தவர்களும் பல சவாரிகளில் நீண்ட வரிசையைத் தவிர்த்து மாற்று வழியில் சென்றார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இது ஏன் தேவை என்று சிலர் கேட்கலாம். கால் நன்றாக இருக்கிறதே, நிற்க வேண்டியதுதானே என்று! கால் இருக்கிறது. ஆனால் இருபுறமும் கம்பி போட்ட குறுகிய பாதையில், முன்னும் பின்னும் மனிதர்கள் நெருக்க, ஒலிபெருக்கி இரைய, எப்போது முடியும் என்று தெரியாமல் நிற்பது அத்தகைய பிள்ளைகள் பலருக்குத் தாங்க முடியாத ஒன்று. அவர்களுடைய செவிக்கு அந்த இரைச்சல் நம் செவிக்கு இருப்பது போல் இருப்பதில்லை. இன்னதன் பின் இன்னது என்ற ஒழுங்கு குலைந்தால், காதைப் பொத்திக்கொண்டு அலறித் தரையில் விழுந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. சுற்றி நிற்பவர்கள் 'வளர்ப்பு சரியில்லை' என்று தாயைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு அஞ்சியே திருமணம், பெருநாள் திடல் என எங்கும் போகாத தாய்மார்கள் நம் ஜமாஅத்துகளிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு ஒரு நாள் மகிழ்ச்சி கிடைக்க வேண்டும் என்பதற்காகத் திறக்கப்பட்ட கதவு அது.

அந்தக் கதவில் யார் யார் நுழைந்தார்கள் என்பது 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஊரறிய வெளிவந்தது. நியூயார்க் நகரின் செல்வந்தத் தாய்மார்கள் சிலர், உடற்குறை உள்ள ஒருவரை வழிகாட்டியாக வாடகைக்கு அமர்த்தி, அவரைத் தம் குடும்பத்தவர் போல் உடன் அழைத்துக்கொண்டு வரிசையைக் கடந்து சென்றதாக 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழ் எழுதிற்று. கூலி மணிக்கு 130 டாலர். எட்டு மணி நேர நாளுக்கு 1,040 டாலர். ஒரு மனிதரின் குறை, மணிக் கணக்கில் வாடகைக்குப் போயிற்று!

அதே காலத்தில் அந்நிறுவனம் 'டாய் ஸ்டோரி மேனியா' என்ற ஒரு சவாரியில் எடுத்த கணக்கு பின்னர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அன்று பூங்காவுக்கு வந்தவர்களில் அட்டை வைத்திருந்தவர்கள் 3.3 விழுக்காடு. ஆனால் அந்தச் சவாரியின் இடங்களில் 30 விழுக்காடு அவர்களுக்கே சென்றது. இவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பெரும் பாவம். உண்மையான தேவை உடையவர்களும் அட்டையைக் கொண்டு திரும்பத் திரும்ப ஏற முடிந்தது. நான் இதை எடுத்துக் காட்டுவது வேறொன்றுக்காக. மணிக்கு ஆயிரம் பேர் ஏறக்கூடிய ஒரு சவாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு இடங்கள் பக்கவாட்டு வழியில் போய்விட்டால், வெயிலில் நிற்கும் ஏழைத் தகப்பனின் பிள்ளைக்கு மிஞ்சுவது எழுநூறில் ஓரிடம். பொய்யாக நுழையும் ஒவ்வொருவரும் நிறுவனத்தின் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அந்த வரிசையில் நிற்பவரின் நேரத்திலிருந்து எடுக்கிறார். ஆண்டு முழுவதும் பணம் சேர்த்து ஒரே ஒரு நாள் வந்தவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். "யாருக்கு என்ன நஷ்டம்" என்று கேட்ட சகோதரர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

ஹிலால் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த சலுகை

தபூக் போரின் வரலாற்றை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடும் வெயில், நீண்ட பயணம், பேரீச்சை கனிந்து நின்ற பருவம். நோயாளிகளுக்கும் பலவீனர்களுக்கும் செலவுக்கு வழியற்றோருக்கும் குற்றமில்லை என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 91ஆவது வசனம் விலக்களித்தது. உண்மையான உஸ்ரு உடையவருக்கு மார்க்கம் என்றும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் தம் நிலையை எடுத்துரைத்தபோது, உடற்குறை உடையோருக்கான விலக்கு வேறொரு வசனத்திலேயே (4:95) சேர்த்து அருளப்பட்டது என்பதையும் அறிவீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியதும், போருக்கு வராத எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். அண்ணலார் எவரிடமும் சான்று கேட்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். சொல்லை நம்பி நடப்பது ஏமாளித்தனம் என்று நினைப்பவர்கள் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். நம்பப்பட்டதால் அவர்கள் தப்பித்துவிடவும் இல்லை. அவர்களைப் பற்றி இறங்கிய வசனங்களை இன்றளவும் ஓதுகிறோம்.

கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களோ, தமக்கு உடல்நலமும் இருந்தது, வாகனமும் இருந்தது, காரணம் ஏதுமில்லை என்று உள்ளபடி கூறினார்கள். ஐம்பது நாட்கள் மக்கள் அவர்களோடு பேசாமல் ஒதுக்கி வைத்தார்கள். இதுவரை அனைவரும் அறிந்ததே. நாம் அதிகம் எடுத்துச் சொல்லாத ஒரு நிகழ்ச்சி அந்த ஐம்பது நாட்களுக்குள் இருக்கிறது.

ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் மூவர். நாற்பது நாட்கள் கழிந்ததும், மனைவியரை விட்டும் விலகியிருக்குமாறு மூவருக்கும் கட்டளை வந்தது. அவர்களில் ஹிலால் இப்னு உமய்யா (ரலி) அவர்கள் வயது முதிர்ந்தவர். அவருடைய மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் தளர்ந்த முதியவர், பணியாள் இல்லை, தாம் அவருக்குப் பணிவிடை செய்யலாமா என்று கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. உடனே கஅபு (ரலி) அவர்களின் வீட்டார் சிலர், "ஹிலாலின் மனைவிக்குக் கிடைத்தது போல் நீங்களும் கேட்டுப் பெறலாமே" என்ற கருத்தில் யோசனை சொன்னார்கள். கஅபு மறுத்துவிட்டார்கள். காரணம்? தாம் வாலிபர் என்பதுதான். முதியவருக்கு உரிய சலுகையை வாலிபர் போய்க் கேட்பது எப்படி? ஊரே பேசாத நிலை. நிலம் குறுகிப்போன துயரம். வீட்டில் இருந்த ஒரே துணையும் விலகுகிறது. அந்த நிலையிலும், மற்றவருடைய தளர்ச்சிக்காகத் திறந்த வாசலில் தம் திடமான காலை அவர்கள் வைக்கவில்லை. இவ்வரலாறு ஸஹீஹுல் புகாரியில் கஅபு (ரலி) அவர்களே விவரிக்கும் நீண்ட ஹதீஸில் உள்ளது.

நாமோ ஒரு ராட்டினத்துக்காக வைக்கிறோம்.

விலை கொடுத்தவர்கள் யார்?

2013 அக்டோபரில் டிஸ்னி பழைய அட்டையை நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் வந்த ஏற்பாட்டில் உடனே ஏற முடியாது. அப்போது அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்வார்கள். வேறிடத்தில் காத்திருக்கலாம். ஏமாற்றுக்காரர்களை இது ஓரளவு தடுத்தது. ஆனால் காத்திருத்தல் என்பதையே புரிந்துகொள்ள இயலாத பிள்ளைகளின் பெற்றோர் 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பிற்று. 2020இல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாயிற்று. அவர்கள் கேட்ட அளவு சலுகையைக் கொடுத்தால் பழைய முறைகேடு திரும்பும் என்பதும் அங்கே எடைபோடப்பட்டது. பாருங்கள்: முறைகேடு செய்தவர்கள் யாரோ, நீதிமன்றத்தில் அதற்குப் பதில் சொல்ல நின்றவர்கள் வேறு யாரோ.

2021 அக்டோபரில் இன்னொரு மாற்றம். முன்பு எல்லோருக்கும் இலவசமாக இருந்த விரைவு வரிசை புளோரிடாவில் கட்டண வரிசையாயிற்று. 2024இல் அறிமுகமான அதன் உயர்வகைச் சீட்டு, கூட்டம் மிகுந்த நாளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 449 டாலர் வரை சென்றது. பிறர் விலை கொடுத்து வாங்கும் ஒன்று, மாற்றுத்திறனாளி என்று சொன்னால் விலையின்றிக் கிடைக்கும் என்றானபோது என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2019க்குப் பிறகு இச்சலுகையைப் பயன்படுத்துவோர் மூன்று மடங்காகிவிட்டதாக நிறுவனம் கூறிற்று.

2024 மே மாதத்தில் புளோரிடாவிலும், ஜூனில் கலிபோர்னியாவிலும் கதவு இறுகியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நெடுநேரம் காத்திருக்க இயலாதவர்களுக்கே அச்சலுகை என்று வரையறுத்தார்கள். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே வரத் தடை என்றும் அறிவித்தார்கள். யுனிவர்சல் ஆர்லாண்டோ பூங்காக்கள் 2023லேயே வேறு வழி வகுத்தன. அங்கே முன்கூட்டியே பதிவு செய்து, ஆதாரப் பத்திரமும் காட்டி அட்டை பெற வேண்டும். வந்தவரின் சொல்லே போதும் என்றிருந்த இடத்தில் மருத்துவரின் கையொப்பம் வந்து அமர்ந்துவிட்டது.

குடல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நரம்புத் தளர்ச்சி உள்ளவர்கள் எனப் பலர் முன்பு பெற்றதை இழந்தார்கள். 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் இதற்காகவும் வழக்கு தொடுக்கப்பட்டது. குடல் நோயாளிக்குச் சொல்லப்படும் மாற்று வழிகளில் ஒன்று, வரிசையில் நில்லுங்கள், அவசரம் வந்தால் வெளியே சென்றுவிட்டுத் திரும்பி அதே இடத்துக்கு வாருங்கள் என்பது. சபையில் எழுந்து சென்றவர் திரும்பி வந்தால் அவ்விடத்துக்கு அவரே அதிக உரிமை உடையவர் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. உரிமை சரிதான். ஆனால் நூறு பேரை விலக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடி, மீண்டும் அந்த நூறு பேரை விலக்கிக்கொண்டு வரும் மனிதரின் வெட்கத்தை எந்த விதி துடைக்கும்? இதையெல்லாம் நிறுவனத்தின் கல் நெஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த மனிதரின் வெட்கத்தில், விரலை ஆட்டக் கற்றுக்கொடுத்த தகப்பன்மார்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இந்த உரையைப் படித்துவிட்டு, சலுகை பெறுபவர்களையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். எல்லாக் குறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நன்றாக நடந்து வரும் ஒருவருக்கு இதயம் பாதி வேலை செய்யலாம். அடுத்தவரின் உஸ்ருவைத் துருவுவது நம் வேலையல்ல. நம்முடைய உஸ்ரு உண்மையா என்று பார்ப்பதே நம் வேலை.

அப்படிப் பார்த்தபோது என் கணக்கிலும் ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை உம்ராவுக்கு அழைத்துச் சென்றேன். அம்மா அன்றாடம் கடைத்தெருவுக்கு நடந்து போய் வருபவர். "சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள் ஹஜ்ரத், குடியேற்றச் சோதனையில் உங்கள் குடும்பம் முழுவதையும் முன்னால் விட்டுவிடுவார்கள்" என்று பயண ஏற்பாட்டாளர் சொன்னார். கேட்டோம். ஐந்து பேரும் அம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வரிசையைக் கடந்தோம். போகும் வழியில், கால் வீங்கிய ஒரு முதியவர் பலகையில் அமர்ந்து, தமக்கு நாற்காலி எப்போது வரும் என்று ஊழியரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இஹ்ராம் ஆடையில் இருந்தேன், தல்பியாவும் ஓதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சிறுவன் விரலை ஆட்டிக் காட்டியபோது நான் புன்னகைத்ததற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே எண்ணுகிறேன்.

எப்படிச் சரிசெய்வது?

அந்தச் சகோதரர் அமெரிக்கா திரும்புவதற்கு முந்திய நாள் இஷாவுக்குப் பின் என்னிடம் வந்தார். "தவ்பா செய்துவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

இது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் இடையிலுள்ள விஷயம் மட்டுமன்று, அடியார்களின் உரிமையும் கலந்தது என்றேன். ஹக்குல் இபாத் தவ்பாவால் மட்டும் நீங்குவதில்லை. உரியவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். அன்றைய வரிசையில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். முகம் தெரியாது, முகவரி தெரியாது. உரியவரைக் கண்டறிய இயலாதபோது அவர்கள் சார்பில் ஸதகா செய்யுமாறு நம் உலமாக்கள் வழிகாட்டியுள்ளார்கள். அன்று அவருடைய குடும்பத்தார் விரைவு வரிசைக்குக் கட்டணம் செலுத்தியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அதைக் கணக்கிட்டு நிறுவனத்துக்கே செலுத்த முயலுங்கள். ஏற்க வழியில்லையெனில் அதையும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குக் கொடுங்கள் என்றேன். இது என் சிற்றறிவுக்கு எட்டியது. பெரிய ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்று கேட்டார். அத்தா சொல்லிக் கொடுத்தது பொய், அத்தா செய்தது தவறு என்று அவனை அமர்த்திவைத்து அப்படியே சொல்லுங்கள் என்றேன். இது அவருக்குப் பணத்தைவிடக் கடினமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

"பக்கத்து வீட்டுக்கு?" என்று அவரே கேட்டார்.

"பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். நானும் வருகிறேன், அன்று நானும் சிரித்தேன்" என்றேன்.

மறுநாள் காலை அவருக்கு விமானம். அன்றிரவு போக இயலவில்லை. பணத்தை அனுப்பிவிட்டதாகவும், மகனிடம் பேசிவிட்டதாகவும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார். அவன், "அந்த அண்ணன் உண்மையாகவே காதைப் பொத்திக்கொள்வானா அத்தா?" என்று கேட்டானாம். பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு அடுத்த விடுமுறை வரை காத்திருப்பதாகச் சொன்னார். நான் காத்திருக்கவில்லை. நேற்று அஸருக்குப் பின் என் வீட்டாருடன் அங்கே சென்று வந்தேன்.